வீசல்

தவீரா நகர நீதிமன்றம். வழக்கு எண் நாற்பத்தொன்று.
காலை பதினொன்றேகாலுக்கு
மொழிபெயர்ப்பாளர் ஒடெத்தின் வாய்க்குள்
ஒரு பிராணி வந்து நின்றுவிட்டது.

இதற்குமுன் அவள் ஆங்கிலத்திலிருந்து
போர்த்துகீசியத்துக்குக் கொண்டுவந்தவை:
ஒரு விவாகரத்து, இரண்டு படகுக் காப்பீடுகள்,
செப்டிக் டேங்க் குறித்த நீண்ட சாட்சியம்.
எதுவும் கடித்ததில்லை.

ஹாதர்லி கைபேசியில் எழுதியது ஒரே வரி:
"பணத்தைத் திருப்பிக் கொடு, வீசல்."
கூரை ஒழுகியது நிஜம்.
முன்பணம் வாங்கிய பெல்மீரு
மார்ச் முழுக்கப் போனை எடுக்காததும் நிஜம்.
நிஜங்கள் ஓரமாக உட்கார்ந்திருக்க
கூண்டில் நிற்பது அந்தக் கடைசிச் சொல்.

நம் காதுக்கு அது எறிதல் போலக் கேட்கும்.
எறியத்தான் எறிந்திருக்கிறார்,
கல்லை அல்ல,
ஒரு சாண் உடம்பும் வெள்ளை வயிறுமாய்
கோழிக்கூண்டின் விரல்பருமன் துளையில் நுழையும்
ஒரு ஜந்துவை.
நம் அகராதி மரநாய் என்கிறது.
மரமும் இல்லை, நாயும் இல்லை.
கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்;
அப்புறம் பாம்பு எங்கே என்று கேட்பீர்கள்.

ஒடெத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.
அவள் மொழியில் அதற்குப் பெயர் இருக்கிறது: டோனிஞா.
அதுதான் சிக்கல்.
டோனா என்றால் அம்மணி.
இஞா, எதன் பின்னாலும் ஒட்டும் செல்ல வால்.
சூப்பில் ஒட்டினால் நோயாளிக்கு ஊட்டும் சூப்,
மழையில் ஒட்டினால் நனைந்தும் யாரும் திட்டாத மழை.
ஆக,
"பணத்தைத் திருப்பிக் கொடு, அம்மணிக்குட்டி."

நூறு கிலோ பெல்மீரு
நாற்காலி முனகத் திரும்பிப் பார்க்கிறான்.

ரபோஸா என்று சொல்லிவிடலாம். நரி.
ஆனால் நரியில் பாதி பாராட்டு;
நகரசபைத் தேர்தலில் ஜெயித்தவர்கள்
அதைக் கேட்டுப் புன்னகைப்பார்கள்.
ஃபுயிஞா இருக்கிறது. அதே குடும்பம், ஒரு சுற்றுப் பெரிது,
அதே கோழித் திருட்டு.
மனிதன் மேல் ஏறினால் மட்டும்
கஞ்சன், ஒல்லிப்பிச்சான்,
அடுத்த வீட்டுச் சாவித்துவாரத்தில் கண்ணை வைப்பவன்.
பெல்மீரு ஒல்லி அல்ல.
மற்ற இரண்டும் விசாரணையில் இல்லை.

முட்டையை உறிஞ்சி ஓட்டை மட்டும் விட்டுப்போவதுபோல்
வாக்கை உறிஞ்சிக்கொண்டு
கூரையில் ஓட்டை விட்டுப்போனவன்.
ஹாதர்லி சொன்னது அது.
அந்த அர்த்தம்
எல்லைக்கு முந்தைய நிலையத்திலேயே
இறங்கிக்கொண்டது.

"இது வசவா?" என்கிறார் நீதிபதி.
சத்தியம் செய்த வலது கை
பாவாடை மடிப்பில் வியர்க்கிறது.
"பிராணியின் பெயர் டோனிஞா, மேடம்.
அவர் சொன்னது பிராணியை அல்ல."
எழுத்தர் தட்டுகிறார்: டோனிஞா,
அடைப்புக்குறி, பிராணி, அடைப்புக்குறி.
அக்டோபருக்கு ஒத்திவைப்பு.

ஆற்றங்கரைக் காப்பிக் கடையில்
பெல்மீரு அவளைப் பிடித்துக்கொண்டான்.
"என்னை அம்மணி என்றா சொன்னான் அந்தக் கிழவன்?"
சத்தியம் உள்ளே, மேசைமேல், அதன்பாட்டுக்குக் கிடந்தது.
ஒடெத் காப்பியைக் கலக்கினாள்.
"இல்லை. ஃபுயிஞாவுக்குக் கொஞ்சம் பக்கத்தில்."
"கஞ்சனா! நானா!"

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
அவள் காப்பிக்கு அவன்தான் கொடுத்தான்,
அடுத்த மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த
ஹாதர்லியின் தேநீருக்கும்,
எல்லோருக்கும் கேட்கும்படி
தாளைத் தட்டில் அறைந்து.

மீதிச் சில்லறை வந்தது.
ஒவ்வொன்றாக எண்ணினான்.
பிரிக்காத சர்க்கரைப் பொட்டலம் ஒன்று
சட்டைப் பைக்குள் நுழைந்தது,
வால்கூடத் தெரியாமல்.